போர்த் தலைமைக்கும் ஆலோசனைக்கும் ராணுவப் பதக்கங்கள்: டெல்டாக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் படிவம் நிரப்பித் தருவது என் வேலைகளில் ஒன்று. வருகிறவர்கள் பேச்சோடு பேச்சாகப் பதக்கங்களைப் பற்றியும் கேட்பார்கள். துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டவருக்குப் பதக்கம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. வரைபடத்தின் முன்னால் நின்று முடிவெடுத்தவருக்கும், பக்கத்தில் இருந்து யோசனை சொன்னவருக்கும் எதற்குப் பதக்கம் என்பதில்தான் குழப்பம். அதனால் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

போரில் தலைமை தாங்கியதற்கென்றே தனிப் பதக்கம் இருக்கிறதா?

இருக்கிறது. யுத் சேவா வரிசை என்று சொல்வார்கள். சர்வோத்தம் யுத் சேவா பதக்கம், உத்தம் யுத் சேவா பதக்கம், யுத் சேவா பதக்கம் என்று மூன்று படி. 1980 ஜூன் 26 அன்று தொடங்கப்பட்டவை. போர், மோதல், பகைமைச் சூழல் ஆகியவற்றின்போது செய்த சிறப்பான சேவைக்குத் தரப்படுகின்றன. நடைமுறையில் பார்த்தால் ஒரு படையை நடத்தியது, திட்டமிட்டது, தளவாடமும் ஆளும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி செய்தது, சரியான நேரத்தில் சரியான முடிவெடுத்தது போன்ற காரியங்களுக்காக.

அமைதிக் காலத்துக்கு இதே மாதிரி இன்னொரு வரிசை உண்டு: பரம் விசிஷ்ட் சேவா, அதி விசிஷ்ட் சேவா, விசிஷ்ட் சேவா. இவை 1960 ஜனவரி 26-இல் விசிஷ்ட் சேவா பதக்கம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தொடங்கி, 1967-இல் இப்போதைய பெயர்களைப் பெற்றன. பி.வி.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம்., வி.எஸ்.எம். என்று ஓய்வு பெற்ற அதிகாரிகளின் வீட்டு வாசல் பலகையில் பார்ப்பது இவைதான்.

அப்படியானால் மகாவீர் சக்ரா, வீர் சக்ரா எல்லாம் எதற்கு?

அவை எதிரியின் முன்னால் காட்டிய வீரத்துக்கு. பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26-இல் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்தவற்றுக்கும் செல்லும்படி வைக்கப்பட்டன. எதிரி முன்னால் இல்லாத சூழலில் காட்டும் வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா.

தலைமைக்கும் வீரத்துக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது. களத்தில் முன்னால் நின்று படையை நடத்திய தளபதிக்குச் சக்ராதான் கிடைக்கும். 1948-இல் நௌஷேராவைக் காத்து, அதே ஆண்டு ஜூலை 3 அன்று உயிர்விட்ட பிரிகேடியர் முகமது உஸ்மானுக்கு மகாவீர் சக்ரா. 2020-இல் கல்வான் பள்ளத்தாக்கில் பலியான 16-ஆவது பீகார் பட்டாலியனின் தளபதி கர்னல் சந்தோஷ் பாபுவுக்கும் அதே விருது. அதே மோதலில் இறந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா.

1980-க்கு முன்னால் பெரிய தளபதிகளுக்கு என்ன கொடுத்தார்கள்?

நல்ல கேள்வி. யுத் சேவா வரிசை ஏன் வந்தது என்பது இதற்கான பதிலில் இருக்கிறது.

1971 போரை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று நாளில் முடிந்த போர். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது, கைதானவர்கள் சுமார் 93,000 பேர். அந்தப் போரின் கிழக்குக் களத்தை நடத்திய லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோராவுக்கும், மேக்னா ஆற்றை ஹெலிகாப்டரில் தாண்டித் தன் படையை டாக்கா பக்கம் கொண்டுபோன லெப்டினன்ட் ஜெனரல் சாகத் சிங்குக்கும் கிடைத்தது பத்ம பூஷண். தலைமைத் தளபதி மானெக்‌ஷாவுக்கு 1972-இல் பத்ம விபூஷண், 1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் பதவி. பத்ம விருது என்பது சங்கீத வித்வானுக்கும் விஞ்ஞானிக்கும் டாக்டருக்கும் தருகிற அதே விருதுதான். கௌரவத்தில் குறைவில்லை. ஆனால் போரை நடத்தியதற்கென்று சொல்லித் தர அப்போது தனியாக ஒன்றும் இல்லை. மேஜர் ஜெனரல் மட்டம் வரை மகாவீர் சக்ரா வாங்கியவர்கள் உண்டு. அதற்கு மேலே போனால் பெரும்பாலும் அமைதிக் காலப் பதக்கமோ பத்ம விருதோதான். இந்த இடைவெளியை அடைக்கத்தான் 1980-இல் புது வரிசை வந்தது என்பது என் வாசிப்பு.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்த வேலையைச் செய்தது டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் ஆர்டர்) என்ற விருது. 1886-இல் விக்டோரியா மகாராணி தொடங்கியது. பெரும்பாலும் மேஜரும் அதற்கு மேலும் இருந்த அதிகாரிகள் களத்தில் படையை நடத்தியதற்காகப் பெற்றார்கள். 1945 ஜனவரியில் பர்மாவின் காங்கா சண்டையில் மூன்று பட்டாலியன்களை நடத்திய திம்மய்யா, தோராட், எல்.பி.சென் மூவருக்கும் டி.எஸ்.ஓ. கிடைத்தது. 1966 முதல் 1969 வரை நம் தரைப்படைக்குத் தலைவராக இருந்த ஜெனரல் பி.பி.குமாரமங்கலமும் டி.எஸ்.ஓ. பெற்றவர், அவருடையது வட ஆப்பிரிக்கக் களத்தில் வாங்கியது. அவர் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலத்துக்காரர், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன்.

யோசனை சொன்னதற்குமா பதக்கம்?

இதைக் கேட்கும்போது பலர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். “ஏசி ரூமில் உட்கார்ந்து யோசனை சொல்றவருக்கு என்ன சார் கஷ்டம்?” என்று ஒருவர் நேராகவே கேட்டார்.

ஆலோசனைக்கென்று தனிப் பதக்கம் இந்தியாவில் இல்லை. விசிஷ்ட் சேவா, யுத் சேவா வரிசைகளுக்குள்தான் அதுவும் வரும். ஆனால் அது சாதாரண வேலை இல்லை. 1971-இல் கிழக்குக் கட்டளையகத்தின் ஸ்டாஃப் தலைவராக இருந்தவர் மேஜர் ஜெனரல் ஜே.எஃப்.ஆர்.ஜேக்கப். அவர் படையை நேரடியாக நடத்தும் தளபதி அல்ல. தளபதி அரோராவுக்குத் திட்டம் போட்டுத் தருவதும், எது நடக்கும் எது நடக்காது என்று சொல்வதும் அவர் வேலை. வழியில் உள்ள கோட்டை கொத்தளங்களைச் சுற்றிக்கொண்டு நேராக டாக்காவுக்குப் போக வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். டிசம்பர் 16 அன்று சரணாகதி ஆவணத்தின் வரைவோடு டாக்காவுக்குப் பறந்து பாகிஸ்தான் தளபதி நியாஸியிடம் பேசியதும் அவர்தான். அவருக்குக் கிடைத்தது பரம் விசிஷ்ட் சேவா பதக்கம். வங்கதேச அரசும் பல ஆண்டுகளுக்குப் பின் அவரைக் கௌரவித்தது.

சமீபத்திய உதாரணம் 2025 சுதந்திர தினப் பட்டியல். ஆபரேஷன் சிந்தூருக்காக ஏழு பேருக்கு சர்வோத்தம் யுத் சேவா பதக்கம் அறிவித்தார்கள். அதில் வடக்குக் கட்டளையகத்தின் தளபதியும் இருந்தார், டெல்லியில் இருந்து ராணுவ நடவடிக்கைகளைக் கவனித்த தலைமை இயக்குநர் லெப்டினன்ட் ஜெனரல் ராஜீவ் காயும் இருந்தார். களத்தில் நின்றவருக்கும் தலைமையகத்தில் இருந்தவருக்கும் ஒரே பதக்கம்.

வேறு நாட்டுப் படைக்கு ஆலோசகராகப் போவது அமெரிக்கர்களிடம் பெரிய வழக்கம். வியட்நாம் போரில் அவர்களின் அதிகாரிகள் பலர் தென் வியட்நாம் பட்டாலியன்களோடு கூடவே காட்டில் அலைந்தார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அந்த ஊர் தளபதியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும், அவர் கேட்காவிட்டாலும் அதே குண்டுக்கு நடுவே கூட நிற்க வேண்டும். இந்தச் சேவைக்கு அவர்களில் பலருக்கு 1942-இல் தொடங்கிய லீஜன் ஆஃப் மெரிட்டோ, 1944-இல் தொடங்கிய, வெண்கல நட்சத்திரம் எனப்படும் பிரான்ஸ் ஸ்டாரோ கிடைத்தது. தென் வியட்நாம் அரசும் தன் பங்குக்கு கேலன்ட்ரி கிராஸ் கொடுத்தது. பிரான்ஸ் ஸ்டாரில் ஒரு சூட்சுமம்: சேவைக்கும் தருவார்கள், வீரத்துக்கும் தருவார்கள். வீரத்துக்கு என்றால் ரிப்பனில் ‘வி’ என்ற சின்ன எழுத்து இருக்கும்.

நம் பக்கம் ஆலோசகர் வேலைக்கு நெருக்கமானது பூட்டானில் இருக்கும் இந்திய ராணுவப் பயிற்சிக் குழுவும் ஐ.நா. பணிகளும். கொரியப் போர் முடிந்ததும் கைதிகள் யார் எங்கே போவது என்று முடிவு செய்த நடுநிலை ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் திம்மய்யா. அந்தப் பணிக்குப் பிறகு 1954-இல் பத்ம பூஷண் பெற்றார். அதே கொரியாவில் 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸை நடத்திய டாக்டர், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ், தமிழர், அவருக்கு மகாவீர் சக்ரா. எதிரியைச் சுடாமல், காயம்பட்டவரைத் தூக்கிவந்த படைக்குத் தலைமை தாங்கி அந்த விருதை வாங்கியவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

மாமாவின் பழைய போட்டோவில் பொன்னிற ரிப்பன் தெரிகிறது. எந்தப் பதக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொன்னிறத்தில் கரு நீலக் கோடு என்றால் விசிஷ்ட் சேவா வரிசை. பொன்னிறத்தில் சிவப்புக் கோடு என்றால் யுத் சேவா வரிசை. கோடு ஒன்று என்றால் மேல்படி, இரண்டு என்றால் நடுப்படி, மூன்று என்றால் கடைசிப்படி. கோடு கூடினால் பெருமை கூடும் என்று நினைப்போம், இங்கே தலைகீழ்.

மகாவீர் சக்ராவின் ரிப்பன் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ரா பாதி கரு நீலம், பாதி ஆரஞ்சு. சேனா பதக்கம் சிவப்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. பரம்வீர் சக்ரா முழுக்க ஊதா. கறுப்பு வெள்ளைப் போட்டோ என்றால் கோட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், ஏகப்பட்ட சேவைப் பதக்கங்களிலும் கோடு உண்டு.

பரம் விசிஷ்ட் சேவா, மகாவீர் சக்ராவுக்கு மேலே என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அணியும் வரிசையில் பாரத ரத்னா, பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா, பத்ம விபூஷண், பத்ம பூஷண், அப்புறம் சர்வோத்தம் யுத் சேவா, பரம் விசிஷ்ட் சேவா, அதற்குப் பிறகுதான் மகாவீர் சக்ரா. அதேபோல உத்தம் யுத் சேவாவும் அதி விசிஷ்ட் சேவாவும் வீர் சக்ராவுக்கு முன்னால் வருகின்றன.

நியாயமா என்று கேட்டால், எனக்கு முழுச் சம்மதம் இல்லை. உயிரைப் பணயம் வைத்து வாங்கியது ஒரு பக்கம், முப்பத்தைந்து நாற்பது வருடச் சேவையின் முடிவில் வாங்கியது மறுபக்கம். ஓய்வு பெறும் காலத்தில் மூத்த ஜெனரல்களுக்குப் பி.வி.எஸ்.எம். வருவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது என்ற முணுமுணுப்பு படைக்குள்ளேயே உண்டு. ஆனால் இதையே சாக்காக வைத்து, சேவா பதக்கம் எல்லாம் சும்மா என்று டீக்கடையில் சொல்லிவிடுவதும் தப்பு. ஜேக்கப் வாங்கியதும் அதே பதக்கம்தான். பெயரை மட்டும் பார்த்து எடை போட முடியாது. சைட்டேஷன் என்கிற பாராட்டுக் குறிப்பைப் படிக்க வேண்டும்.

கார்கில் போரில் யாருக்கு என்ன கிடைத்தது?

நம் டெல்டாவின் தலைவாசலான திருச்சிக்காரர் மேஜர் மாரியப்பன் சரவணன், முதலாவது பீகார் பட்டாலியன். 1999 மே கடைசியில் படாலிக் பகுதியில் நடந்த தாக்குதலில் உயிர்விட்டார். உடல் மீட்கப்பட்டதே ஜூலையில்தான். வீர் சக்ரா, மறைவுக்குப் பின். திருச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

தலைமைக்கான பதக்கங்களில், மேற்கு விமானப் படைக் கட்டளையகத்தை நடத்திய ஏர் மார்ஷல் வினோத் பட்னிக்கு சர்வோத்தம் யுத் சேவா. எட்டாவது மலைப் படைப் பிரிவின் மேஜர் ஜெனரல் மொகிந்தர் பூரிக்கு உத்தம் யுத் சேவா. டைகர் ஹில்லைப் பிடித்த 192-ஆவது மலைப் பிரிகேடின் பிரிகேடியர் எம்.பி.எஸ்.பாஜ்வாவுக்கு யுத் சேவா.

இன்னொரு கதையும் இருக்கிறது, அவ்வளவாகப் பேசப்படாதது. சரவணன் விழுந்த அதே படாலிக் பகுதியில் 70-ஆவது காலாட்படை பிரிகேடை நடத்தியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். அவருக்குக் கிடைத்தது விசிஷ்ட் சேவா பதக்கம், அதாவது அமைதிக் கால வரிசையின் கடைசிப்படி. போரில் தன் பங்கு அறிக்கைகளில் குறைத்து எழுதப்பட்டது என்று அவர் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2010-இல் தீர்ப்பாயம் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்லி, பதிவுகளைத் திருத்தச் சொன்னது. பதக்கத்துக்கு அடியில் இருப்பது மேலதிகாரி எழுதும் அறிக்கை. அந்த அறிக்கையில் மனுஷர்களின் விருப்பு வெறுப்பு கலந்துவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இலங்கைக்குப் போன அமைதிப் படையில் இருந்தவர்களுக்கு?

1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை நடந்த பணி. அங்கே இருந்தவர்களுக்கு ‘ஸ்ரீலங்கா’ என்ற பட்டையோடு சிறப்புச் சேவைப் பதக்கம் உண்டு. 1987 நவம்பர் 25 அன்று உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா. அமைதிப் படையின் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் ஏ.எஸ்.கல்கட்டுக்கு சர்வோத்தம் யுத் சேவா.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால் சபை இரண்டாகப் பிரிந்துவிடும். அந்தப் போரைப் பற்றிய கருத்து ஒன்று, உத்தரவுக்குப் போன சிப்பாயின் பதக்கம் இன்னொன்று. என்னிடம் டிஸ்சார்ஜ் புக்கோடு வருகிறவரிடம் நான் இரண்டாவதை மட்டும்தான் பேசுவேன்.

ஜவானுக்கோ ஹவில்தாருக்கோ இந்தச் சேவா பதக்கங்கள் கிடைக்குமா?

விதிப்படி எல்லா ரேங்கும் தகுதி உள்ளவர்களே. நடைமுறையில் மேல் இரண்டு படியும் மூத்த அதிகாரிகளுக்கே போகின்றன. நம் ஊர்க் குடும்பங்களில் அதிகம் பார்ப்பது சேனா பதக்கம், தரைப்படைத் தலைவரின் பாராட்டு அட்டை, அப்புறம் ‘மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்’. கடைசியாகச் சொன்னதற்குத் தனிப் பதக்கம் இல்லை, ரிப்பனின் மேல் தாமரை இலை வடிவச் சின்னம் வைப்பார்கள்.

சேனா பதக்கத்திலும் அந்த பிரான்ஸ் ஸ்டார் மாதிரி இரட்டைத்தன்மை இருக்கிறது. வீரத்துக்கும் தரலாம், கடமையில் காட்டிய தனிச்சிறப்புக்கும் தரலாம். உங்களுடையது எது என்று அரசிதழ் அறிவிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பணம் வருமா வராதா என்பதே அதைப் பொறுத்தது.

சரி, பணம் எவ்வளவு வரும்?

மத்திய அரசின் மாதப்படி வீர விருதுகளுக்கு மட்டுமே. 2017 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த விகிதம்: பரம்வீர் சக்ரா 20,000 ரூபாய், அசோக சக்ரா 12,000, மகாவீர் சக்ரா 10,000, கீர்த்தி சக்ரா 9,000, வீர் சக்ரா 7,000, சௌர்ய சக்ரா 6,000, வீரத்துக்கான சேனா பதக்கம் 2,000. யுத் சேவா, விசிஷ்ட் சேவா வரிசைகளுக்கு இந்த மாதப்படி கிடையாது. பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா பெற்றவர்களின் ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கும் உண்டு.

மாநில அரசின் ரொக்கப் பரிசு தனி. அது அரசாணைக்கு அரசாணை மாறும் என்பதால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வதே நல்லது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பி கணக்குப் போடாதீர்கள்.

கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.வி.எஸ்.எம். என்று போடலாமா?

போடலாம். அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடை செய்தாலும், ராணுவச் சிறப்புகளுக்கும் கல்விச் சிறப்புகளுக்கும் விலக்கு தருகிறது. ஆனால் பத்ம விருதைப் பெயரோடு ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆக, ‘வி.எஸ்.எம்.’ என்று பெயருக்குப் பின்னால் வரலாம், ‘பத்மஸ்ரீ’ என்று முன்னால் வரக்கூடாது. நம் பத்திரிகைகளில் இது அப்படியே தலைகீழாகத்தான் அச்சாகிறது.

ரேங்க் போடும்போதும் ஒரு முறை இருக்கிறது. ‘பிரிகேடியர் (ஓய்வு)’ என்று எழுதிப் பெயரைப் போடுவது தவறு. ரேங்க், பெயர், அதற்குப் பிறகு ‘(ஓய்வு)’. ஓய்வு பெற்றது ஆள்தான், ரேங்க் இல்லை என்பது படையின் விளக்கம்.

அப்பா இறந்துவிட்டார். அவர் பதக்கத்தை நான் அணியலாமா?

அஞ்சலி நிகழ்ச்சிகளிலும் போர் நினைவிடங்களிலும் நெருங்கிய குடும்பத்தார் வலப்பக்கம் அணிந்துகொள்ளத் தரைப்படை அனுமதி தந்திருக்கிறது. இடப்பக்கம் என்பது பதக்கத்தை வாங்கியவருக்கு மட்டும். கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் குத்திக்கொண்டு போவது அழகில்லை. சிப்பாய் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்தோடு சீருடையோ சின்னமோ அணிந்தால் அது குற்றம்.

கஜா புயலில் பெட்டியோடு போய்விட்டது. மாற்றுப் பதக்கம் கிடைக்குமா?

2018 நவம்பர் புயலுக்குப் பிறகு வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் இந்தக் கேள்வி நிறைய வந்தது. முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு தொலைந்த விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாக எழுதி, டிஸ்சார்ஜ் புக்கின் நகலோடு அவர் பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. செகந்திராபாத். அதிகாரிகள் என்றால் டெல்லியில் தரைப்படைத் தலைமையகத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல் கிளை.

டிஸ்சார்ஜ் புக்கும் போய்விட்டதா? படை எண் ஒன்று தெரிந்தால் போதும், மற்றதை மீட்கலாம். ஓய்வூதியப் புத்தகத்திலும் ஓய்வூதிய உத்தரவிலும் அந்த எண் இருக்கும். பதக்கத்தின் விளிம்பைச் சுற்றியும் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பதக்கத்தின் விளிம்பைப் போட்டோ எடுத்து வைக்காதவர்கள் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

கறுத்துப்போன பதக்கத்தைத் துலக்கலாமா?

புளியோ திருநீறோ போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, பதக்கத்துக்கு ஆகாது. முலாம் போனால் போனதுதான். மெல்லிய துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடி உப்புக் காற்றில் இது ரொம்ப அவசியம். ரிப்பனைச் சோப்புப் போட்டுத் துவைக்கவே வேண்டாம், சாயம் ஓடிவிடும்.

தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தார். அங்கே பதக்கம் உண்டா?

உண்டு. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசு ‘ஷேர்-எ-ஹிந்த்’, ‘சர்தார்-எ-ஜங்’ என்று விருதுகளை வைத்திருந்தது. 1944 ஏப்ரலில் மொய்ராங்கில் மூவர்ணக் கொடி ஏற்றிய கர்னல் ஷௌகத் மாலிக்குக் கிடைத்தது ‘சர்தார்-எ-ஜங்’. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குப் போன நம் தஞ்சை ஜில்லாக்காரர்கள் பலர் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். வீட்டில் இருப்பது பெரும்பாலும் 1972-இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்குத் தந்த தாமிரப் பட்டயமாக இருக்கும். அது ராணுவப் பதக்கம் அல்ல, ரெக்கார்ட் ஆபீசில் விசாரித்தால் விவரம் கிடைக்காது.

சோழர் காலத்தில் இப்படி ஏதாவது இருந்ததா?

பள்ளிப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. பழந்தமிழ் வேந்தர்கள் படைத்தலைவருக்கு ‘ஏனாதி’ பட்டமும் மோதிரமும் தந்தார்கள். ஆட்சியில் துணை நின்றவர்களுக்குக் ‘காவிதி’, வணிகருக்கு ‘எட்டி’. போர்த் தலைமைக்கு ஒன்று, அரசு காரியத்துக்கு ஒன்று என்று அன்றைக்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஏனாதிநாத நாயனாரின் தொழிலே அரசரின் வீரர்களுக்கு வாள்வித்தை கற்றுத் தருவது. இன்றைக்கு அவர் இருந்தால் பயிற்சி மையத்தில் இருந்துகொண்டு வி.எஸ்.எம். வாங்கியிருப்பார்!

ராஜராஜன் காலத்தில் பட்டப் பெயரே பதக்கம். சேனாபதி கிருஷ்ணன் ராமனுக்கு மும்முடிச்சோழ பிரம்மராயன் என்று பட்டம். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவர் அவர்தான். கல்வெட்டு அங்கேயே இருக்கிறது, அடுத்த முறை போனால் பிரகாரத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

வெளிநாட்டு அரசு தரும் பதக்கத்தை நம் அதிகாரி வாங்கலாமா?

மத்திய அரசின் அனுமதியோடு வாங்கலாம், அணியவும் தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவின் லீஜன் ஆஃப் மெரிட்டில் வெளிநாட்டவருக்கென்று படிகள் உண்டு. அதன் உச்சப் படியான சீஃப் கமாண்டர் கௌரவம் நம் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பாவுக்கு ஜனாதிபதி ட்ரூமன் காலத்தில் கிடைத்தது. இந்தியப் பதக்கங்கள் எல்லாம் முடிந்த பிறகே வெளிநாட்டுப் பதக்கம் வரிசையில் வரும்.

எங்கள் ஊர்க்காரர் பெரிய பதக்கம் வாங்கினார் என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

விருதுகள் ஆண்டுக்கு இரு முறை, குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் ஒட்டி அறிவிக்கப்படும். எல்லாம் இந்திய அரசிதழில் வரும். வீர விருதுகளுக்கு பாதுகாப்பு அமைச்சகமே ஒரு இணையதளம் நடத்துகிறது. பெயரைத் தட்டினால் சைட்டேஷன் உட்பட வரும். சேவா பதக்கங்களுக்கு அந்த அளவு விரிவான குறிப்பு பொதுவில் கிடைப்பதில்லை. அரசிதழ்ப் பட்டியலில் பெயரும் படை எண்ணும் மட்டுமே இருக்கும். அதனால்தான் வீர் சக்ராக்காரரின் கதை ஊர் முழுக்கத் தெரிகிறது, யுத் சேவாக்காரர் என்ன செய்தார் என்று அவர் மருமகளுக்கே தெரிவதில்லை. அவர் உயிரோடு இருந்தால் நேராகப் போய்க் கேளுங்கள். பேச ஒப்புக்கொண்டால் பதிவு செய்துகொள்ளுங்கள். பதக்கத்தோடு தந்த அசல் காகிதம் வீட்டில் இருந்தால் அதையும் நகல் எடுத்து வையுங்கள்.